அகதிகளுக்காக வழக்காடிய மாணவர்கள்



'கிளினிக்' என்னும் சொல் இன்று நம் ஊர்களில் எல்லோர் வாயிலும் வழங்குகிறது. தெருமுனையில் டாக்டர் பலகை மாட்டியிருக்கும் அறைக்கு அப்பெயரை இட்டுவிட்டோம். ஆனால் அச்சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. கட்டில் என்பது அவ்வேரின் பொருள். நோயாளியின் கட்டிலருகே ஆசிரியர் நின்று, மாணவரையும் அருகில் நிறுத்தி, நாடி பார்க்கவும் நோயைக் கண்டறியவும் கற்பிக்கும் முறைக்கே அப்பெயர் முதலில் வழங்கிற்று. சட்டக் கல்வியிலும் இம்முறை ஏன் கூடாது என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சிலர் நூறாண்டுகளுக்கு முன்பே கேட்டார்கள். 1904-இல் டென்வர் பல்கலைக்கழகத்தில் ஏழைகளுக்கு இலவசமாகச் சட்ட உதவி அளிக்கும் நிலையம் ஒன்றை மாணவரைக் கொண்டு நடத்தினர். 1913-இல் ஹார்வர்டு சட்டக்கல்லூரி மாணவர்கள் தாமே ஓர் உதவிக்கழகம் அமைத்தனர். வாடகைத் தகராறு, கூலி பாக்கி, கணவன் மனைவி வழக்கு முதலியவையே அக்காலத்தில் அங்கு வந்த 'நோய்கள்'.

அயல்நாட்டிலிருந்து குடியேற வந்தோரின் வழக்குகள் பிற்காலத்தில்தான் மிகுதியாக வரலாயின. வந்த பிறகோ, அவை பெருகிக்கொண்டே போயின. அதற்கு ஒரு காரணம் உண்டு. குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசாங்கமே வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல் கிடியன் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் ஒருவரை நாட்டைவிட்டு வெளியேற்றுவது தண்டனை அன்று என்று அதே நீதிமன்றம் 1893-லேயே, சீனர் சிலரின் வழக்கில் கூறிவிட்டது. தண்டனை அன்று எனில் அது குற்றவழக்கும் அன்று. குற்றவழக்கு அன்றெனில் அரசாங்க வக்கீலும் இல்லை. வெளியேற்ற வழக்கில் அகப்பட்டவர் வக்கீல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது அரசாங்கத்துக்குச் செலவில்லாமல் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லுகிறது. அந்நாட்டு மொழி அறியாதவன், கையில் காசில்லாதவன், எதிரில் அரசாங்கத்து வழக்கறிஞர் நிற்க, தன்னந்தனியே நீதிபதி முன் நிற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பல்கலைக்கழகக் கிளினிக்குகள் வந்து நின்றன.

அவற்றுள் ஒன்றின் கதையை மட்டும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இவ்வழக்கின் தீர்ப்புகளை முதன்முதல் படித்தபோது, அரசாங்கத்தையே எதிர்த்து நின்றவர்களில் பலர் இன்னும் தேர்வு எழுதி முடிக்காத மாணவர்கள் என்பதை நான் அறியவில்லை. அறிந்த பிறகு அத்தீர்ப்புகளை மறுபடியும் எடுத்துப் படித்தேன்.

கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா என்றொரு தீவு இருக்கிறது. அதன் மேற்குப் பகுதியே ஹைட்டி நாடு. அடிமைகளாக இருந்தவர்கள் பிரெஞ்சுப் படைகளை வென்று 1804 ஜனவரி முதல் நாளில் சுதந்தர நாடாக அறிவித்த மண் அது. அவ்வளவு பெருமைக்குரிய தொடக்கத்துக்குப் பின் அந்நாடு கண்ட துன்பங்கள் பல. 1957 முதல் 1986 வரை டுவாலியர் குடும்பத்தினர், தந்தையும் மகனுமாக, கொடுங்கோல் செலுத்தினர். மக்கள் சிறு படகுகளில் ஏறி, ஏறத்தாழ 600 மைல் கடல் கடந்து அமெரிக்காவின் புளோரிடாக் கரையை நாடத் தொடங்கினர். 1981-இல் ஜனாதிபதி ரேகன் டுவாலியர் அரசோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார். அதன்படி அமெரிக்கக் கடற்காவல் படை நடுக்கடலிலேயே அப்படகுகளை மறித்துத் திருப்பலாயிற்று. அடுத்த பத்து ஆண்டுகளில் மறிக்கப்பட்டவர் இருபதினாயிரத்துக்கும் மேல். அவர்களில் அடைக்கலம் கேட்டு மனுச்செய்ய அமெரிக்காவுக்கு அழைத்து வரப்பட்டவர் முப்பது பேர்கூட இல்லை.

1990 டிசம்பரில் அந்நாட்டில் நேர்மையான தேர்தல் நடந்தது. பாதிரியாராக இருந்த ஜான் பெர்ட்ரான் அரிஸ்டிட், மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பெற்று ஜனாதிபதி ஆனார். எட்டே மாதங்கள் ஆட்சி புரிந்தார். 1991 செப்டம்பர் 30-இல் இராணுவம் அவரைத் துரத்தியது. அவரை ஆதரித்தவர்கள் வேட்டையாடப்பட்டனர். மறுபடியும் படகுகள்! ஆறு மாதங்களில் அமெரிக்கக் கடற்காவல் படை 34,000-க்கும் அதிகமானோரைக் கடலில் பிடித்தது. அவர்களை என் செய்வது? கியூபாவின் தென்கிழக்குக் கரையில் குவாண்டானாமோ என்ற இடத்தில், 1903 முதல் குத்தகைக்கு எடுத்த கடற்படைத் தளம் அமெரிக்காவுக்கு உண்டு. அங்கே கூடாரம் அடித்து அவர்களைத் தங்கவைத்தனர். ஒவ்வொருவரையும் அதிகாரிகள் விசாரித்து, ஊருக்குத் திரும்பினால் துன்புறுத்தப்படுவோம் என்ற இவர் அச்சம் நம்பத்தக்கதா என்று தீர்மானித்தனர். நம்பத்தக்கது என்று கண்டால் அமெரிக்காவுக்குச் சென்று அடைக்கலம் கோரலாம். இல்லையேல் ஹைட்டிக்கே திரும்ப வேண்டும்.

அவ்வாறு தேறியவர்களிலும் ஒரு சிறு கூட்டத்தாருக்கு வழி அடைபட்டது. அவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது. அக்கிருமி உடையவர் அமெரிக்காவுக்குள் வரலாகாது என்று 1987 முதல் தடை இருந்தது. எனவே இருநூறுக்கும் மேற்பட்டோர், அவர்தம் குடும்பத்தாருடன், முள்வேலிக்குள் நிறுத்தப்பட்டனர். 1992 பிப்ரவரி இறுதியில் அதிகாரிகள் ஒரு புதிய முறையை வகுத்தனர்: இவர்களுக்கு மட்டும் இரண்டாவது விசாரணை, அதுவும் அங்கேயே, அதில் வக்கீல் இருக்கக்கூடாது. தோற்றால், அஞ்சி ஓடிவந்த நாட்டுக்கே திரும்ப வேண்டும்.

இச்செய்தி, கனெக்டிகட் மாநிலத்தில் நியூஹேவன் நகரிலுள்ள யேல் சட்டக்கல்லூரிக்கு எட்டியது. அங்கே அல்லார்டு லோவென்ஸ்டைன் என்ற காலஞ்சென்ற அரசியல்வாதியின் பெயரால் மனித உரிமைக் கிளினிக் ஒன்று நடந்துவந்தது. அதனை நடத்தியவர் ஹரால்டு கோ என்னும் பேராசிரியர். கொரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அவருடைய தந்தையார் வாஷிங்டனில் தென்கொரியாவின் தூதரக அலுவலராக இருந்தபோது, 1961-இல் தாய்நாட்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றவே, திரும்பிப் போக இயலாமல் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டவர். ஆகவே, இராணுவப் புரட்சியால் வீடிழப்பது இன்னதென்று அப்பேராசிரியருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் மாணவர் சிலர் வந்து வழக்குத் தொடுப்போம் என்றபோது அவர் முதலில் தயங்கினார். அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. மியாமி நகரில் ஹைட்டியருக்காக வேறு வக்கீல்கள் தொடுத்திருந்த வழக்கு மேல் நீதிமன்றத்தில் தோற்றுவிட்டது; அதனை விசாரணைக்கு ஏற்க உச்ச நீதிமன்றமும் 1992 பிப்ரவரி 24-இல் மறுத்துவிட்டது. தோற்ற வழக்கின் சாம்பலை யார் கிளறுவார்?

மாணவர் விடவில்லை. புத்தகங்களைத் துருவினர். மியாமி வழக்கில் எடுத்தாளப்படாத வாதங்கள் உளவா என்று தேடினர். நியூயார்க்கிலிருந்து மைக்கேல் ராட்னர் என்னும் உரிமை வழக்கறிஞர் துணைக்கு வந்தார். பெரிய வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றும் ஊதியம் வாங்காமல் உழைக்க முன்வந்தது. புருக்ளினில் இருந்த ஹைட்டியர் சங்கங்களின் பேரவையை முதல் வாதியாக வைத்து, 1992 மார்ச் 17-இல் அந்நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய சாமர்த்தியம் ஒன்று உண்டு. 'அமெரிக்க மண்ணில் இல்லாத அகதிக்கு அமெரிக்க அரசியற்சட்டம் உரிமை தராது' என்பது அரசாங்கத்தார் கட்சி. மாணவர்கள் அதை மட்டும் நேருக்கு நேர் மோதி நிற்கவில்லை. அகதியின் உரிமையோடு, வக்கீலின் உரிமையையும் சேர்த்துக் கேட்டனர். பத்திரிகை நிருபர் குவாண்டானாமோவுக்குள் போகலாம், பாதிரியார் போகலாம், ஆனால் தன் கட்சிக்காரரிடம் பேசவும் அறிவுரை கூறவும் வக்கீல் மட்டும் போகக்கூடாதாம். பேச்சுரிமை உடைய அமெரிக்கக் குடிமகனாகிய வக்கீலின் வாயை அரசு எவ்வாறு அடைக்கலாம்? அரசாங்கமோ, இது வீண் வழக்கு என்று கூறி, தொடுத்தவர்களைத் தண்டிக்க வேண்டும் என்றே நீதிமன்றத்தில் மனுச்செய்தது. சட்டம் படித்து முடித்து வக்கீலாகப் பதிவு பெற வேண்டிய மாணவருக்கு அது எவ்வளவு பெரிய அச்சுறுத்தல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வழக்கு ஸ்டெர்லிங் ஜான்சன் என்ற நீதிபதியிடம் வந்தது. அவர் முன்னாள் போலீஸ்காரர். பின்னர் போதைப்பொருள் வழக்குகளை நடத்திய அரசாங்க வழக்கறிஞர். அப்போது பதவியிலிருந்த ஜனாதிபதி புஷ் அவர்களால் முந்தைய ஆண்டுதான் நியமிக்கப்பட்டவர். இப்படிப்பட்டவர் அகதிகள் பக்கம் சாய்வார் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அவரோ மார்ச் மாத இறுதியிலேயே, வக்கீல் இல்லாமல் விசாரணை நடத்தலாகாது என்று இடைக்காலத் தடை விதித்தார். மனிதரை அவர் வகித்த பதவிகளைக் கொண்டு அளந்துவிட முடியாது போலும்.

ஆனால் அதற்குள் கடலில் நிலைமை மாறியது. 1992 மே மாதத்தின் முதல் மூன்று வாரங்களில் மட்டும் 127 படகுகளில் 10,497 பேர் பிடிபட்டனர். குவாண்டானாமோக் கூடாரங்களில் இருக்கக்கூடியவரோ சுமார் 12,500 பேர்தாம். மே 24-இல் ஜனாதிபதி புஷ் தம் கோடைக்கால இல்லத்தில் இருந்தவாறே ஓர் ஆணை பிறப்பித்தார்: இனிமேல் விசாரணையே வேண்டாம், பிடித்த படகிலுள்ளோரை நேரே ஹைட்டிக்குக் கொண்டுபோய் விடுக. நம்பத்தக்க அச்சமா, பொய் அச்சமா என்ற கேள்வியே அத்துடன் எழாமற் போயிற்று. வக்கீல் கேட்டுத் தொடங்கிய வழக்கு, இப்போது நாடுகளிடை ஒப்பந்தத்தின் பொருளைக் கேட்கும் வழக்காக வளர்ந்தது.

அந்த ஒப்பந்தம், அகதிகளின் நிலை பற்றி 1951-இல் ஏற்பட்டது. உயிருக்கோ சுதந்தரத்துக்கோ ஆபத்துள்ள நாட்டிற்கு எந்த அகதியையும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது அதன் 33-ஆம் விதி. 1968-இல் அமெரிக்காவும் ஒரு துணை ஒப்பந்தத்தின் வாயிலாக இதற்குக் கட்டுப்பட்டது. ஆக, வழக்கு முழுவதும் ஒரு வினைச்சொல்லில் வந்து நின்றது. திருப்பி அனுப்புதல் என்றால் என்ன? எல்லைக்கு வந்து நிற்பவனைத் திருப்புவது மட்டுமா, நடுக்கடலில் மறித்துத் திருப்புவதும் அதனுள் அடங்குமா? ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வாசகத்தில் உள்ள 'ரிஃபூலே' என்ற சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருளை எல்லாம் இரு தரப்பாரும் தேடி எடுத்தனர். உள்நாட்டுச் சட்டத்திலும் ஒரு நுட்பம் இருந்தது. 'ஐக்கிய நாடுகளுக்குள் இருக்கும் அயலாரை' என்றிருந்த வாசகத்திலிருந்து 'ஐக்கிய நாடுகளுக்குள்' என்ற சொற்களை அமெரிக்கப் பாராளுமன்றம் 1980-இல் நீக்கியிருந்தது. வேண்டுமென்றே நீக்கிய சொற்களை அரசாங்கம் மீண்டும் உள்ளே வைத்துப் படிக்கலாமா என்று மாணவர் கேட்டனர். இலக்கணமும் அகராதியும் தேர்வுக்கு மட்டும் உரியவை என்று எண்ணும் மாணவர் எவரேனும் இருப்பின், ஆயிரக்கணக்கான உயிர்கள் ஒரு சொல்லின் பொருளில் தொங்கிய இவ்வழக்கைச் சற்றுப் படித்துப் பார்க்கட்டும்.

நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992 ஜூலையில் மாணவர் சொன்ன பொருளையே ஏற்றது. மூன்றே நாட்களில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. அவ்வாண்டு நடந்த தேர்தலில், புஷ்ஷின் கொள்கை கொடுமையானது என்று கண்டித்தவர் பில் கிளிண்டன். அவர் வென்றதும் மாணவர் மகிழ்ந்தனர். ஆனால் பதவி ஏற்பதற்கு முன்பே, 1993 ஜனவரியில், அவரும் அக்கொள்கையையே தொடரப் போவதாக ஹைட்டி மக்களுக்கு அறிவித்தார். வானொலி வழியாகத்தான் அறிவித்தார். வானொலியில் பேசுகிறவன் என்ற முறையில் எனக்கு அது சற்று நெருடலாகவே இருக்கிறது.

குவாண்டானாமோவில் இருந்தவர்கள் அதனைக் கேட்டபோது அவர்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஜனவரி 29-இல் அவர்கள் உண்ணாநோன்பு தொடங்கினர். நீண்ட இழுபறிக்குப் பின் முகாமுக்குள் செல்ல அனுமதி பெற்றிருந்த வக்கீல்களும் மாணவர்களும் அங்கே கண்டவை நீதிமன்றப் பதிவில் உள்ளன: மரப்பலகைக் கொட்டில்கள், சுற்றிலும் முள்கம்பி, மழை ஒழுகல், எலி. நோய் முற்றியவர்களை அமெரிக்க நிலப்பரப்பிலுள்ள மருத்துவமனைக்கு அனுப்புக என்று இராணுவ மருத்துவர்களே கேட்டும், குடியேற்ற அதிகாரிகள் சிலருக்கு மறுத்துவந்தனர். யேலிலும் வேறு பல்கலைக்கழகங்களிலும் மாணவர் முறைவைத்து உண்ணாநோன்பிருந்தனர்.

1993 மார்ச் மாதத்தில் ஒரே சமயத்தில் இரண்டு போர்கள். மார்ச் 2-இல் பேராசிரியர் கோ உச்ச நீதிமன்றத்தில் நடுக்கடல் மறிப்பை எதிர்த்து வாதாடினார். அடுத்த வாரத்திலேயே புருக்ளினில் நீதிபதி ஜான்சன் முன் முகாமைப் பற்றிய சாட்சி விசாரணை தொடங்கிற்று. மாணவர்கள் பகலில் சாட்சியங்களை ஆயத்தம் செய்து இரவில் வாதவுரைகளை எழுதினர். ஹைட்டியரின் கிரியோல் மொழியில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் வாயால் கேட்டு, நாளும் இடமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்து, பிரமாண வாக்குமூலமாக எழுதி, மறுபடியும் அவருக்கே படித்துக்காட்டித் திருத்துவது எளிய வேலை அன்று. தன் வீட்டில் இராணுவத்தார் புகுந்த இரவைப் பற்றிச் சொல்லுகிறவர் தேதியை மாற்றிச் சொல்லிவிட்டால், அவர் பொய்யர் என்று எதிர்த்தரப்பு கூறும். அவர் பொய்யர் அல்லர், அஞ்சியவர் என்பதை நீதிபதிக்கு விளங்குமாறு எழுதுவதே வக்கீலின் கலை. அதனை எந்த விரிவுரையும் கற்பித்துவிடாது.

ஜூன் 8-இல் ஜான்சன் தீர்ப்புக் கூறினார். முகாமில் வைத்திருப்பதற்குத் தக்க காரணம் ஏதும் இல்லை. அங்குள்ளோருக்கும் அரசியற்சட்டம் காட்டும் முறையான நீதி உரியது. அவர்களை உடனே விடுவிக்க வேண்டும். ஹைட்டியைத் தவிர வேறு எங்கும் அனுப்பலாம். அம்மாதத்திலேயே அவர்கள் விமானம் ஏறி அமெரிக்கா வந்து சேர்ந்தனர். விந்தை என்னவென்றால், தீர்ப்புக்கு இரண்டு நாள் கழித்து, ஜூன் 10-இல்தான் எச்.ஐ.வி. உடையோர் வரலாகாது என்ற தடையை ஜனாதிபதி கிளிண்டன் கையொப்பமிட்டுச் சட்டமாக்கினார். அத்தடை 2010 ஜனவரியில்தான் நீங்கியது.

ஜூன் 21-இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில், மாணவரின் வாதத்தைத் தள்ளியது. ஒப்பந்தமும் சட்டமும் நடுக்கடலை எட்டா என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார். ஹாரி பிளாக்மன் என்ற முதிய நீதிபதி ஒருவர் மட்டும் மாறுபட்டார். சொற்களை அவற்றின் நேர்ப்பொருளில் படியுங்கள். இவர்கள் உள்ளே விடுக என்றுகூடக் கேட்கவில்லை, தம்மைக் கொடியவர் கையில் பிடித்துக்கொடுக்க வேண்டாம் என்றே கேட்கிறார்கள் என்பது அவர் எழுதியதன் சாரம். என் கருத்தில் சட்ட நுணுக்கத்திலும் பிளாக்மன் பக்கமே வலிமை இருக்கிறது. 1980-இல் நீக்கிய சொற்களுக்குப் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறிய சமாதானம் எனக்கு இன்றளவும் மனநிறைவு தரவில்லை. வருத்தம் என்னவெனில், ஒன்றுக்கு எட்டு என்பது எட்டுதான்.

இனி, இக்கதையில் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்த பகுதியைச் சொல்லுகிறேன். ஜான்சன் தீர்ப்பை எதிர்த்து அரசாங்கம் மேல்முறையீட்டைத் தொடர்ந்து நடத்தியிருக்கலாம். உச்ச நீதிமன்றத்தில் வென்ற சூட்டில், அதிலும் வெல்லக்கூடும். அப்படியானால் விடுதலையானோர் நிலை என்னாகும்? இரு தரப்பாரும் உடன்படிக்கைக்கு வந்தனர். அரசாங்கம் மேல்முறையீட்டைக் கைவிடும், விடுதலையானோரைத் தொடாது. அதற்கு விலையாக ஜான்சன் தீர்ப்பை நீதிமன்ற ஏட்டிலிருந்து இரத்துச் செய்ய வேண்டும். பிற்கால வழக்குகளில் அதனை முன்மாதிரியாகக் காட்ட முடியாது. 1994-இல் அவ்வாறே முடிந்தது. மாணவரிடையே இது குறித்து மனப்போராட்டம் எழாமலா இருந்திருக்கும்? குவாண்டானாமோவிலும் சட்டம் உண்டு என்று பாடுபட்டுப் பெற்ற தீர்ப்பைத் தம் கையாலேயே விட்டுக்கொடுப்பதா? ஆனால் வக்கீல் முதலில் கடமைப்பட்டிருப்பது கொள்கைக்கு அன்று. தன்னை நம்பிய கட்சிக்காரருக்கு. முகாமில் இருந்தவர்களுள் பலர் நோயாளிகள், குழந்தைகளும் இருந்தனர். அவர்களைப் பணயமாக வைத்து முன்மாதிரியைக் காப்பாற்றியிருந்தால் நான் அதனைப் பாராட்டியிருக்க மாட்டேன்.

ஆயினும் அவ்விலை சிறியது என்றும் சொல்ல இயலவில்லை. 2002 ஜனவரியில் அதே தளத்திற்கு வேறு கைதிகளை விமானத்தில் கொண்டுவந்து இறக்கினர். அங்கே அமெரிக்க நீதிமன்றத்துக்கு வேலை இல்லை என்று அரசாங்கம் மீண்டும் வாதித்தபோது, ஜான்சன் தீர்ப்பு கையில் இல்லை. அக்கைதிகளுக்காக முதலில் நீதிமன்றம் ஏறியவர்களுள் அதே மைக்கேல் ராட்னர் ஒருவர். அவ்வழக்கு 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. 'திருப்பி அனுப்புதல்' என்ற சொல்லும் ஓய்ந்துவிடவில்லை. லிபியாவிலிருந்து வந்த சோமாலியரையும் எரித்திரியரையும் இத்தாலி நடுக்கடலில் மறித்துத் திருப்பியதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012-இல் ஒருமனதாகக் கண்டித்தது. அவ்வழக்கில் ஒரு நீதிபதி தனியே எழுதிய கருத்துரையில் 1993-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்து அலசி, பிளாக்மன் சொன்னதே சரி என்றார்.

யேல் கிளினிக்கின் அந்த மாணவர்கள் பட்டம் பெற்றுப் போய்விட்டனர். சிலர் நீதிமன்றங்களிலும், சிலர் பல்கலைக்கழகங்களிலும் பணி ஏற்றனர். வெளியேற்ற வழக்குகளில் அரசாங்கச் செலவில் வக்கீல் என்ற பொது உரிமை அந்நாட்டில் இன்னும் வரவில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறந்ததும், பல பல்கலைக்கழகங்களின் கிளினிக்குகளில் புதிய மாணவர் ஒருவர் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, எதிரே இருப்பவரிடம் முதற்கேள்வியைக் கேட்கிறார்: 'ஊரைவிட்டு நீங்கள் புறப்பட்டது எந்த நாளில்?'